இரண்டு கிலோ ஹெட், இருபது கிலோ பாக்ஸ்: லேசான பேஸ் ஆம்ப் ஹெட் வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

தர்மபுரி மாவட்டக் காரிமங்கலத்திலோ கிருஷ்ணகிரி மாவட்டக் காவேரிப்பட்டணத்திலோ ஒரு திருவிழா மேடையில் கூட்டம் கேட்கிற பேஸ் கிதார் சத்தம் உங்கள் ஆம்ப்பிலிருந்து வருவதில்லை. மேடைக்கு இரண்டு பக்கமும் சவுண்ட் சர்வீஸ்காரர் அடுக்கி வைத்திருக்கும் 18 இன்ச் பாக்ஸ்களிலிருந்து வருகிறது. உங்கள் ஹெட்டுக்கு, அதாவது ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டிக்கு, அங்கே மூன்று வேலைதான்: வாசிப்பது உங்கள் காதிலும் டிரம்மர் காதிலும் விழ வேண்டும், மிக்சருக்குச் சுத்தமான சிக்னல் போக வேண்டும், ஜெனரேட்டரும் ஊர் கரண்டும் செய்யும் கூத்தைத் தாங்கி, கடைசிப் பாட்டு வரை உயிரோடு இருக்க வேண்டும்.

வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது மூன்றையும் விட்டுவிட்டு முன்பக்கம் பெரிதாக எழுதியிருக்கும் வாட் எண்ணை. அதனால்தான் 800 வாட் ஹெட் வாங்கியவர் ரிகர்சலில் “எனக்கே கேக்கல” என்கிறார், பக்கத்தில் 200 வாட்காரர் நிம்மதியாக வாசிக்கிறார்.

லேசானது எப்படி?

ஆம்பெக் 1969-ல் கொண்டுவந்த எஸ்.வி.டி. ஹெட் 300 வாட், வால்வு ஆம்ப். பின்னால் வந்த அதன் கிளாசிக் வடிவம் சுமார் 36 கிலோ. இன்று அதே அளவு வாட் தரும் ஹெட்டை ஒரு கையில் பிடிக்கலாம். இரண்டு மாற்றம் சேர்ந்து இதைச் செய்தன. 50 ஹெர்ட்ஸில் ஓடும் பெரிய இரும்பு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் எஸ்.எம்.பி.எஸ். என்ற ஸ்விட்சிங் பவர் சப்ளை வந்தது. அது கரண்டை நொடிக்குப் பல பத்தாயிரம் முறை வெட்டிக் கொடுப்பதால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. அடுத்தது கிளாஸ் டி என்ற ஆம்ப் வகை. பழைய கிளாஸ் ஏ.பி. ஆம்ப் வாங்கும் கரண்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் ஸ்பீக்கருக்குத் தரும். மிச்சம் சூடாகப் போகும். கிளாஸ் டி 85 முதல் 90 சதவீதம் வரை தரும். சூடு குறைந்ததால் அலுமினிய ஹீட்சிங்க்கும் சிறுத்தது. டென்மார்க்கின் ஐஸ்பவர் போன்ற நிறுவனங்கள் செய்யும் ரெடிமேட் பவர் மாட்யூல்களை வாங்கி, டோனைச் சரிசெய்யும் தங்கள் பிரீஆம்ப்பைச் சேர்த்து விற்கும் பிராண்டுகள் பல. ஆகவே ஒரே வாட் உள்ள இரண்டு ஹெட்டுக்கு நடுவே பெரிய வித்தியாசம் பவர் பகுதியில் இருப்பதைவிடப் பிரீஆம்ப்பிலும், மிக்சருக்குச் சிக்னல் அனுப்பும் டி.ஐ.யிலும்தான் இருக்கும்.

அளவு புரிவதற்குச் சில பெயர்கள். டிரேஸ் எலியட் எல்ஃப், கேலியன்-குரூகர் எம்.பி.200, வார்விக் நோம் ஆகியவை 4 ஓமில் (ஓம் என்பது ஸ்பீக்கர் பாக்ஸின் மின்தடை) 200 வாட், எடை ஒரு கிலோவைச் சுற்றி. மார்க்பேஸ் லிட்டில் மார்க் 3 என்றால் 4 ஓமில் 500, 8 ஓமில் 300 வாட், எடை மூன்று கிலோவுக்குள். கேலியன்-குரூகர் எம்.பி.500 அதே வகுப்பில் இரண்டு கிலோவுக்கும் குறைவு. இதில் சில இப்போது பழைய பொருள் சந்தையில்தான் கிடைக்கலாம். எந்த வகுப்பைத் தேடுகிறோம் என்று தெரியவே இந்தப் பட்டியல்.

படி 1: வாசிக்கும் இடங்களை எழுதுங்கள்

கடந்த ஆறு மாதம் எங்கெங்கே வாசித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வரப்போகும் பெரிய மேடைக்காக வாங்க வேண்டாம், வாசித்த மேடைக்கு வாங்குங்கள்.

வீட்டு மாடியிலோ வாடகை அறையிலோ நடக்கும் ரிகர்சல், சர்ச் ஆராதனை, கல்யாண ரிசப்ஷன், திறந்தவெளித் திருவிழா என்று நான்கு வகைக்குள் எல்லாமே அடங்கிவிடும். ரிகர்சலில்தான் உங்கள் ஹெட்டும் பாக்ஸும் முழுச் சத்தத்தையும் தாங்களே தர வேண்டும். அங்கே சவுண்ட் சர்வீஸ் கிடையாது. சர்ச்சில் சத்தம் குறைவு, ஆனால் ஜெப நேர அமைதியில் ஹெட்டின் விசிறிச் சத்தம் முதல் வரிசை வரை கேட்கும். மண்டபத்தில் கான்கிரீட் சுவரும் கிரானைட் தரையும் லோ நோட்டை உருட்டிக் குழப்பும். திறந்த மேடையில் சத்தம் காற்றோடு போய்விடும், கரண்டும் அங்கேதான் மோசம்.

போக்குவரத்தையும் எழுதுங்கள். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகத் தொப்பூர் வரை தேசிய நெடுஞ்சாலை 44-ல் வண்டி ஏறிவிடலாம். பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்துக்குப் பைக்கில் போகிறவருக்குக் கிதார் பேக் தோளில், ஹெட் பேக்கின் பையறையில். அவருக்கு ஒரு கிலோவுக்கும் மூன்று கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் முதுகில் தெரியும்.

படி 2: ஹெட்டுக்கு முன் பாக்ஸைப் பாருங்கள்

தலை இளைத்துவிட்டது, உடம்பு இளைக்கவில்லை. ஃபெரைட் காந்தம் போட்ட இரட்டைப் பத்து இன்ச் கேபினட் இன்னும் இருபது கிலோவைத் தாண்டும். நியோடிமியம் காந்தம் போட்ட ஒற்றைப் பன்னிரண்டு இன்ச் பாக்ஸ் அதில் பாதிக்குச் சற்று மேலே இருக்கும், விலையும் கூடும். எடைதான் உங்கள் பிரச்சினை என்றால் பணத்தைப் பாக்ஸில் போடுங்கள்.

பாக்ஸில் இரண்டு எண் முக்கியம். முதலாவது ஓம்.

பெரும்பாலான லேசான ஹெட்களின் குறைந்தபட்ச லோடு 4 ஓம். சில 2.67 ஓம் வரை, மிகச் சில 2 ஓம் வரை இறங்கும், பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும். 8 ஓம் பாக்ஸ் இரண்டை இணைத்தால் மொத்தம் 4 ஓம். 4 ஓம் பாக்ஸ் இரண்டு போட்டால் 2 ஓம். 8-உம் 4-உம் சேர்ந்தால் 2.67. ஹெட்டில் இரண்டு ஸ்பீக்கர் சாக்கெட் இருக்கிறதே என்று 4 ஓம் பாக்ஸ் இரண்டைச் செருகுவதுதான் வழக்கமான தப்பு. மெதுவாக வாசிக்கும்வரை எதுவும் தெரியாது. சத்தம் ஏறியதும் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றான புரொடெக்ஷன் விழுந்து ஹெட் வாயை மூடிக்கொள்ளும்.

லேபிள் அழிந்த உள்ளூர் பாக்ஸ் என்றால் மல்டிமீட்டரில் பார்க்கலாம். பாக்ஸில் கேபிளைச் செருகி, மறுமுனையை ஹெட்டில் போடாமல் அதன் இரண்டு பின்னில் மீட்டர் முனைகளை வையுங்கள். 8 ஓம் பாக்ஸ் மீட்டரில் 8 காட்டாது. 5.5 முதல் 7 வரை காட்டினால் 8 ஓம். 3 முதல் 3.7 வரை காட்டினால் 4 ஓம். மீட்டர் அளப்பது காயிலின் டி.சி. ரெசிஸ்டன்ஸை மட்டும் என்பதால் இந்தக் குறைவு. எண்ணே வராமல் திறந்து கிடந்தால் காயில் எரிந்திருக்கிறது, அல்லது கேபிளில் பிரிவு.

இரண்டாவது எண் சென்சிட்டிவிட்டி: ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் எத்தனை டெசிபல் என்பது. 94 என்று போட்ட பாக்ஸுக்கும் 100 என்று போட்ட பாக்ஸுக்கும் 6 டெசிபல் வித்தியாசம். 6 டெசிபல் என்றால் நான்கு மடங்கு வாட். அதாவது 100 டெசிபல் பாக்ஸில் 200 வாட் ஹெட் தரும் சத்தத்தை 94 டெசிபல் பாக்ஸில் எடுக்க 800 வாட் வேண்டும். அந்த 800 வாட்டை அந்தப் பாக்ஸின் காயில் தாங்குமா என்பது வேறு கேள்வி.

படி 3: வாட் கணக்கு

வாட் எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டியது “எத்தனை ஓமில்?” என்பதுதான். 4 ஓமில் 500 வாட் தரும் ஹெட் ஒரே ஒரு 8 ஓம் பாக்ஸில் 250 முதல் 350-க்குள்தான் தரும். இதைக் கேட்டு மனம் உடைய வேண்டாம். 500-க்கும் 300-க்கும் காதில் விழும் வித்தியாசம் 2 டெசிபல் சொச்சம். கவனித்துக் கேட்டால்தான் தெரியும். இரட்டிப்பு வாட் என்பது 3 டெசிபல். “இரண்டு மடங்கு சத்தம்” என்று காது ஒப்புக்கொள்ளக் கிட்டத்தட்ட 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் தேவை. 8 ஓம் பாக்ஸ் ஒன்றோடு இன்னொரு 8 ஓம் பாக்ஸைச் சேர்த்தால் வாட்டும் கூடும், கோனின் பரப்பும் இரட்டிக்கும். அந்த மாற்றம் நன்றாகவே காதில் விழும். பெரிய ஹெட்டுக்கு மாறுவதைவிட இதில் பலன் அதிகம்.

“பீக்” என்ற சொல் பக்கத்தில் இருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள், தொடர்ந்து தரும் வாட்டைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண்ணைத் தேடுங்கள்.

ஆக்டோபேடும் கீபோர்டும் உள்ள லைட் மியூசிக் குழுவுக்கு நல்ல ஒற்றைப் பன்னிரண்டு பாக்ஸோடு 200 வாட் வகுப்பு போதும். முழு டிரம் செட்டும் டிஸ்டார்ஷன் கிதாரும் இருக்கும் பேண்டுக்கு 500 வாட் வகுப்பு எடுங்கள். அந்தக் கூடுதல் வாட் கடைசி வரை திருகுவதற்கல்ல, கட்டைவிரலால் தந்தியைத் தட்டி ஸ்லாப் அடிக்கும்போது சத்தம் நசுங்காமல் இருப்பதற்கு. 800-க்கு மேல் போக இந்த இரண்டு மாவட்ட மேடைகளில் காரணம் அரிது.

ஐந்து தந்தி பேஸ் என்றால் ஒரு சேர்க்கை. லோ பி தந்தி 31 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, ஈ தந்தி 41-ல். சிறிய பாக்ஸ்கள் அவ்வளவு கீழே இறங்காது. கோன் மட்டும் வீணாக முன்னும் பின்னும் ஓடும். மிகத் தாழ்ந்த ஓசையை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் ஹெட்டில் இருந்தால், 35-40 ஹெர்ட்ஸில் வெட்டுங்கள். சத்தம் குறைந்ததாகத் தோன்றாது, பாக்ஸ் மூச்சு விடும்.

படி 4: டி.ஐ. பகுதி

மேடையில் உங்கள் பேஸ் கூட்டத்துக்குப் போகும் ஒரே வழி இதுதான். பின்பக்கம் எக்ஸ்.எல்.ஆர். சாக்கெட், நம் மைக் செட்காரர் மொழியில் கேனன், இல்லாத ஹெட் வேண்டாம். அதன் பக்கத்தில் மூன்று ஸ்விட்ச் தேடுங்கள்.

பிரீ/போஸ்ட்: பிரீயில் வைத்தால் நீங்கள் ஹெட்டில் என்ன ட்ரெபிள் திருகினாலும் மிக்சருக்குப் போகும் சத்தம் மாறாது. மண்டபத்தில் உங்கள் காலடியில் லோ உருளும், நீங்கள் பேஸ் நாபைக் குறைப்பீர்கள். போஸ்ட்டில் இருந்தால் அந்தக் குறைவு மொத்தமும் வெளி பாக்ஸுக்குப் போய்விடும். ஆப்பரேட்டர் அங்கே ஏற்றுவார், நீங்கள் இங்கே குறைப்பீர்கள், விடிய விடிய இது ஓடும். பிரீயில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ஹெட்டின் டிரைவ் ஓசைதான் உங்கள் அடையாளம் என்றால் மட்டும் போஸ்ட்.

கிரவுண்ட் லிஃப்ட்: மிக்சருக்கு ஒரு லைனிலும் மேடைக்கு வேறு லைனிலும் கரண்ட் எடுத்திருந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே சிறு வித்தியாசம் வந்து 50 ஹெர்ட்ஸ் ஹம் உறுமும். இந்த ஸ்விட்ச் கேனன் கேபிளின் ஷீல்டை மட்டும் பிரித்து ஹம்மை நிறுத்தும். ஹம் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை உடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கான பதில் அடுத்த படியில்.

லெவல் அல்லது பேட்: சின்ன மிக்சரில் சிக்னல் அதிகமாகி உடைந்தால் இது காப்பாற்றும்.

கேனன் கேபிள் தீர்ந்துவிட்டது, “ஸ்பீக்கர் அவுட்லேர்ந்து ஒரு லைன் குடுங்க” என்று யாராவது கேட்டால் ஒப்புக்கொள்ளவே கூடாது. பல கிளாஸ் டி ஹெட்களில் ஸ்பீக்கர் அவுட்டின் இரண்டு முனையிலும் சிக்னல் ஓடும். ஒரு முனை கிரவுண்ட் என்று நினைத்து மிக்சரின் பி-38 (கால் இன்ச்) ஜாக்கில் செருகினால் அந்த முனை எர்த்தோடு ஷார்ட் ஆகும். ஹெட் போகும், அல்லது மிக்சர் சேனல் போகும், சில நேரம் இரண்டும்.

மேடையில் மானிட்டர் நன்றாக இருந்தால் பாக்ஸே இல்லாமல் ஹெட்டை மட்டும் எடுத்துப் போகலாம். வால்வு பவர் ஆம்ப்புக்கு ஸ்பீக்கர் லோடு இல்லாவிட்டால் ஆபத்து. கிளாஸ் டி ஹெட்கள் பொதுவாக லோடு இல்லாமல் ஓடும். வாங்கும் மாடலின் கையேட்டில் ஒரு முறை சரிபார்த்துவிட்டு, மாஸ்டரைப் பூஜ்யத்தில் வைத்து டி.ஐ.யாகப் பயன்படுத்துங்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஹெட் வாங்க இது ஒன்றே போதுமான காரணம்.

படி 5: கரண்ட்

ஆடி மாத மாரியம்மன் திருவிழாக்களிலும் மாசியில் மயானக் கொள்ளை நேரத்திலும் ஒரே தெருக் கம்பத்தில் சீரியல் லைட், ராட்டினம், ஐஸ் வண்டி, மைக் செட் எல்லாம் தொங்கும். மேடையில் “பேஸ் வரலை” என்று ஒருவர் கத்தினால் கிதாரா, ஃபேஸா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டுமே நடக்கும்.

ஹெட்டின் பின்பக்க லேபிளைப் படியுங்கள். “100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்” என்று வரம்பாக எழுதியிருந்தால் அது தானாகச் சமாளிக்கும் வகை. வோல்டேஜ் 170-க்கு இறங்கினாலும் பாடிக்கொண்டே இருக்கும். “230 வோல்ட்” என்று மட்டும் இருந்தாலோ, 115/230 ஸ்விட்ச் இருந்தாலோ, லோ வோல்டேஜில் சத்தம் நசுங்கும் அல்லது அணைந்து அணைந்து வரும். இரண்டு ஹெட்டில் மனம் ஊசலாடினால் இந்த ஒரு வரியை வைத்தே முடிவெடுக்கலாம். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த ஹெட் 120 வோல்ட் மட்டும் என்றால் வேண்டாம். அதற்குப் போட வேண்டிய ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரே ஹெட்டைவிடக் கனக்கும்.

லோ வோல்டேஜ் தொல்லைதான் தரும். ஹெட்டைக் கொல்வது ஹை வோல்டேஜ். மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தாலோ தளர்ந்தாலோ ஒரு பக்கத்து சாக்கெட்டில் 230-க்குப் பதில் 300, 350 என்று ஏறும். உச்சமாக 400 வரை போகும். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே வரும் ஏ.சி.யை டி.சி.யாக்கிப் பெரிய கெபாசிட்டரில் தேக்குகிறது. 230 வோல்ட் ஏ.சி. அங்கே 325 வோல்ட் டி.சி. ஆகும். 300 வோல்ட் ஏ.சி. வந்தால் 424. அந்தக் கெபாசிட்டர்களின் தாங்கும் எல்லை வழக்கமாக 400 அல்லது 450 வோல்ட். ஒரு “டப்” சத்தம், மீன் வாடை போல ஒரு நாற்றம், முடிந்தது.

ஆகவே ஹெட் பையில் இரண்டு சாமான் எப்போதும் இருக்கட்டும்: ஒரு மல்டிமீட்டர், வோல்டேஜ் எண் காட்டி 260-270-ஐத் தாண்டினால் தானே துண்டிக்கும் ஒரு வோல்டேஜ் புரொடெக்டர். சுவரில் மாட்டும் ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் இதற்குப் பதில் ஆகாது. கனமும் அதிகம், ரிலே மாறும்போது இழுத்து இழுத்து விடும்.

மேடை ஏறியதும், எதையும் செருகும் முன், ஜங்ஷன் பாக்ஸில் மூன்று அளவு எடுங்கள். பழக்கம் இல்லாதவர் எலக்ட்ரீஷியனிடமே எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸ்-நியூட்ரல்: 207 முதல் 253-க்குள் இருக்க வேண்டும். ஃபேஸ்-எர்த்: ஏறக்குறைய அதே எண். நியூட்ரல்-எர்த்: 5 வோல்ட்டுக்குள். இரண்டாவது எண் பூஜ்யமாகவோ தாறுமாறாகவோ இருந்தால் அந்த பாக்ஸில் எர்த் கிடையாது. பிறகு எல்லா லைட்டையும் போடச் சொல்லி முதல் அளவை மறுபடி எடுங்கள். காலியாக 235 காட்டிய லைன், லைட் போட்டதும் 190-க்கு விழுந்தால் ஒயர் மெலிது அல்லது ஜாயின்ட் தளர்ச்சி. லைட் போட்டதும் 265-க்கு ஏறினால் நியூட்ரல் சரியில்லை. அந்த சாக்கெட்டைத் தொடாதீர்கள்.

எர்த் இல்லாத இடத்தில் மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்கிறதே, அதற்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் காரணம் இருக்கிறது. இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டியின் உலோகத்துக்குச் சிறு கெபாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு எர்த்துக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டி பாதி வோல்டேஜில், சுமார் 115-ல் மிதக்கும். கேபிள் வழியாக உங்கள் தந்திகளும் மிதக்கும். கசிவு சிறியது என்பதால் சுரீரோடு போகிறது. உள்ளே உண்மையான கோளாறு வந்தால் அதே வழியில் முழுக் கரண்டும் வரும். எர்த் பின்னை உடைக்கக் கூடாது என்பது இதனால்தான். வாசிக்கும் முன் கிதாரில் தந்திகளைத் தாங்கும் உலோகப் பிரிட்ஜுக்கும் மைக் வலைக்கும் நடுவே ஏ.சி. வோல்டேஜ் அளந்து பாருங்கள்; 2-3 வோல்ட்டுக்கு மேல் என்றால் எர்த்தைச் சரிசெய்த பிறகு பாடகரை அழைக்கலாம்.

கரண்ட் இழுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். 500 வாட் ஹெட் கூட வாசிப்பின் சராசரியில் ஒரு ஆம்பியருக்குக் கீழேதான் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட் தாராளம். ஜெனரேட்டரில் ஓடும்போது ஃப்ரீக்வென்சி ஆடினாலும் எஸ்.எம்.பி.எஸ். பொருட்படுத்தாது. ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணும்போதும் அணைக்கும்போதும் மட்டும் ஹெட் ஆஃபில் இருக்கட்டும்.

படி 6: மற்ற வசதிகள், சுருக்கமாக

ஹெட்ஃபோன் சாக்கெட்டும் ஆக்ஸ்-இன் சாக்கெட்டும் இருந்தால் சினிமாப் பாட்டை மொபைலில் ஓடவிட்டுப் பழகலாம்; அக்கம்பக்கம் எழாது. பேட்டரி உள்ள கிதார், இல்லாத கிதார் இரண்டுக்கும் ஏற்ப மாற்றும் ஆக்டிவ்/பாசிவ் ஸ்விட்ச் பயனுள்ளது. ஈக்வலைசரில் மிட் நாப் ஒன்றாவது தனியாக இருக்க வேண்டும். முடிந்தால் ஃப்ரீக்வென்சி மாற்றும் வசதியோடு. ப்ளூடூத், ஆப், வண்ண விளக்கு எல்லாம் விலையைத்தான் ஏற்றும். வாரன்டி பில் வாங்குங்கள்: கிளாஸ் டி போர்டில் பாகங்கள் கடுகளவு, உள்ளூர் ரேடியோ மெக்கானிக் சால்டரிங் அயர்னால் தொட முடியாது, பெரும்பாலும் மாட்யூலையே மாற்ற வேண்டும். இந்தியாவில் அந்த பிராண்டுக்குப் பாகம் வருமா என்று கடைக்காரரிடம் முன்பே கேளுங்கள்.

படி 7: கடையில் சோதிப்பது

இரண்டு மாவட்டத்திலும் பலரும் பெங்களூருக்கோ சேலத்துக்கோதான் போகிறோம். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர் சொச்சம். திரும்பத் திரும்பப் போக முடியாது, ஒரே நாளில் முடித்துக்கொண்டு வர வேண்டும். உங்கள் கிதாரையும் உங்கள் கேபிளையும் எடுத்துப் போங்கள். கடைக் கிதாரில் எந்த ஹெட்டும் நன்றாகத்தான் கேட்கும்.

1. உங்களிடம் இருப்பது 8 ஓம் பாக்ஸ் என்றால் 8 ஓம் பாக்ஸில்தான் கேட்பேன் என்று சொல்லுங்கள். 4 ஓமில் கேட்டு வாங்கினால் வீட்டில் ஏமாற்றம்.

2. கிதார் செருகாமல், மாஸ்டரைப் பாதிக்கு ஏற்றி, பாக்ஸுக்குப் பக்கத்தில் காதை வையுங்கள். சீறல் எவ்வளவு? விசிறி எவ்வளவு?

3. எல்லா நாபையும் நடுவில் வைத்து, ஈ தந்தியில் திறந்த நோட்டிலிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டாகப் பன்னிரண்டு வரை ஒரே பலத்தில் போங்கள். ஏதாவது ஒரு நோட் மட்டும் எகிறினால் கடை அறையின் குற்றமா, பாக்ஸின் குற்றமா என்று நாலடி தள்ளி நின்று மறுபடி கேளுங்கள். ஹெட்டின் குற்றமாக இருப்பது அபூர்வம்.

4. டி.ஐ.யை ஒரு மிக்சரில் போட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். பிரீ/போஸ்ட் ஸ்விட்சை அழுத்தும்போது சத்த அளவு தாவுகிறதா பாருங்கள். பெரும்பாலோர் விடும் சோதனை இதுதான்.

5. கடைக்காரர் முகம் சுளித்தாலும், ரிகர்சல் சத்தத்தில் இருபது நிமிடமாவது விடாமல் வாசியுங்கள். பிறகு மேல்தகட்டில் கை வையுங்கள். வெதுவெதுப்பு சரி; கையை எடுக்க வைத்தால் சரியில்லை.

பழைய ஹெட் வாங்குகிறீர்கள் என்றால் இதோடு எல்லா நாபையும் திருகி “கரகர” கேட்கிறதா பாருங்கள். இன்புட் ஜாக்கை லேசாக ஆட்டுங்கள். ஸ்க்ரூக்களின் தலை சிதைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

படி 8: முதல் ரிகர்சல்

ஸ்பீக்கர் கேபிளைத் தனியாக வாங்குங்கள். இரண்டு கோர், ஒவ்வொன்றும் 1.5 சதுர மில்லிமீட்டர், திருகிப் பூட்டும் ஸ்பீக்கான் முனை, இரண்டு மீட்டர் நீளம் போதும். ஒயர் 1+, 1− என்று குறித்த பின்களில் இருக்க வேண்டும். கிதார் கேபிளை இங்கே போடாதீர்கள். உள்ளே மயிரிழைக் கம்பி, பெரிய சத்தத்தில் சூடாகி உள்ளேயே ஷார்ட் ஆகும். மாறாக ஸ்பீக்கர் கேபிளைக் கிதாரில் போட்டால் எதுவும் கெடாது, ஆனால் ஷீல்டு இல்லாததால் ஊரில் உள்ள லைட் எல்லாம் பாடும்.

மாஸ்டர் பூஜ்யம். ஈக்வலைசர் நடு. கிதார் வால்யூம் முழுதாக. இருப்பதிலேயே பலமாக ஒரு நோட்டை அடித்துக்கொண்டே கெயினை ஏற்றுங்கள். கிளிப் விளக்கு கண் சிமிட்டும் இடத்தில் நிறுத்தி, ஒரு முள் பின்னால் வாருங்கள். அதன்பின் மாஸ்டரை ஏற்றுங்கள். கெயினைக் குறைத்து மாஸ்டரை முழுக்கத் திருகினால் சீறல்தான் பெருகும்.

கேட்கவில்லை என்றால் கை பேஸ் நாபுக்குத்தான் போகும். போகக் கூடாது. 60-80 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் ஏற்றினால் ஹெட் இரண்டு மடங்கு வாட் செலவழிக்கிறது, காதுக்குத் தெளிவு கிடைப்பதில்லை. கிக் டிரம்மும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. 500 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை உள்ள மிட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். தனியாகக் கேட்க மூக்கடைத்தது போல இருக்கும், குழுவோடு சேர்ந்தால் ஒவ்வொரு நோட்டும் நிற்கும். மண்டபத்தில் உருண்டால் 150-250-ஐக் குறையுங்கள். பாக்ஸை நாற்காலி மேல் ஏற்றிக் காது நோக்கிச் சாய்த்து வைத்தாலே பாதிப் புகார் தீரும்.

மேடையில் என்னென்ன கெடும்?

ஹெட் கீழே விழும். நகைச்சுவை இல்லை; ஒரு கிலோ பெட்டி பாக்ஸின் அதிர்வில் நகர்ந்து நகர்ந்து மூன்றாவது பாட்டில் விளிம்புக்கு வரும், மிச்சத்தைக் கேபிளின் கனம் இழுத்துவிடும். ஒரு துண்டு ரப்பர் மேட் அல்லது வெல்க்ரோ போதும்.

சூட்டில் அணையும். சித்திரை, வைகாசி வெயிலில் மாலை ஆறு மணிக்கும் மேடைத் தகரம் கொதிக்கும். மதியம் முழுக்க வெயில் படும் இடத்தில் வைத்த ஹெட் தொடங்கும்போதே சூடாக இருக்கும். பக்கவாட்டில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மேடையில் போர்த்திய பொன்னாடையை மடித்து வைக்க ஹெட்டைவிட வசதியான இடம் யாருக்கும் தெரிவதில்லை. விசிறித் துளை மூடிப் பத்து நிமிடத்தில் தெர்மல் கட் ஆகும். அப்படி அணைந்தால் திரும்பத் திரும்ப ஸ்விட்சைத் தட்டாமல் துணியை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள், தானே வரும். மஞ்சள் நீர் தெளிக்கும் ஊர்களில் ஹெட்டைப் பாக்ஸுக்குப் பின்னால் இறக்கி வையுங்கள்.

சத்தம் திடீரென்று நின்றால் வரிசையாகப் பாருங்கள். பவர் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் புரொடெக்டர் எண், பிறகு ஃப்யூஸ். பவர் சாக்கெட்டுக்குக் கீழே சின்ன இழுப்பறையில் ஃப்யூஸ் இருந்தால், லேபிளில் போட்ட அதே ஆம்பியரில் இரண்டு உதிரி பையில் இருக்கட்டும். சிகரெட் பேப்பர் சுற்றும் வித்தை வேண்டாம். விளக்கு எரிகிறது, வெளி பாக்ஸில் பேஸ் கேட்கிறது, உங்கள் பாக்ஸில் இல்லை என்றால் ஸ்பீக்கர் கேபிள் அல்லது புரொடெக்ஷன். இரண்டிலும் இல்லை என்றால் கிதார் கேபிள், மியூட் ஸ்விட்ச், இல்லையேல் ஆக்டிவ் கிதாரின் 9 வோல்ட் பேட்டரி. நொந்துபோன பேட்டரி முதலில் சத்தத்தை உடைக்கும், பிறகுதான் நிறுத்தும். ஹெட் போய்விட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் இந்த வகை.

ஆண்டுக்கு ஒரு முறை, கிரானைட் பட்டறைப் பக்கம் குடியிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஹெட்டைப் பிளக்கிலிருந்து எடுத்து விசிறித் துளையில் பெயின்ட் பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் ஆஃப் செய்த பிறகும் சிறிது நேரம் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும்.